வால் வைத்த சொல்

சிங்களம் பேசுவது ஒரு வித்தையே இல்லை என்பார் அமிர்தநாதன்.

"நம்ம சொல்ல எடுத்துக்க. அதுக்குப் பின்னால ஒரு 'வ' வச்சு வால் மாதிரி தொங்க விடு. சிங்களம் வந்துரும். பங்குன்னா பங்குவ. இதுக்குப் போயி பள்ளிக்கூடமா போவாங்க?"

மரியாயி அதை நம்பினாள். அவள் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே சிங்களம் ஒரு வார்த்தை தெரியாமலே ஆயுளை ஓட்டிவிடலாம். கல்யாணமாகி, பெல்மதுளைக்கு மேலே இருந்த இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்த பிறகுதான், லயத்து வரிசை வீடுகளை விட்டு இறங்கினால் கடைக்காரர், பஸ்காரர், தபால்காரர் எல்லாருமே சிங்களம் என்று தெரிந்தது. புருஷன் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு பசாருக்குப் போனவள், அரிசி கட்டிக்கொண்டு வர ஒரு "சாக்குவ" தரும்படி கடை முதலாளியிடம் கேட்டாள். அவர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, இதையா கேட்கிறாய் என்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிங்களத்தில் சாக்குவ என்றால் சட்டைப் பையாம். பேசாமல் கோணி என்று கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

அன்றைக்கு அமிர்தநாதன் வாசலில் குந்தியபடி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"மொதலாளி பாக்கெட்டையே கேட்டுட்டாளே எம் பொஞ்சாதி! கேட்டதுதான் கேட்ட, உள்ள இருக்கிறதையும் சேத்துக் கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்கதானே வால் வைக்கச் சொன்னீங்க!"

"எல்லாத்துக்கும் வால் மொளைக்குமா புள்ள? ஆளப் பாத்துத்தான் வைக்கணும்."

அந்தச் சிரிப்பைத்தான் மரியாயி ஆஸ்பத்திரியில் அவர் முகத்தில் தேடினாள். அங்கேயும் ஒரு சிரிப்பு இருந்தது. உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் தெரிய, நெற்றி சுருங்கி. ஆனால் அது அவர் சிரிப்பல்ல. நோய் அவர் முகத்தில் இழுத்து வைத்த சிரிப்பு.

அது எழுபத்தாறாம் வருஷம். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூட்டில், பலகையிலிருந்து கழன்று கிடந்த ஆணி ஒன்று அவர் குதிகாலில் ஏறியது. மஞ்சளைச் சுட்டு வைத்துக் கட்டினார்கள். புண்ணும் ஆறிவிட்டது. அப்புறம் ஒரு நாள் காலையில், ரொட்டியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனவருக்கு வாய் திறக்கவில்லை.

"ஏ மரியாயி, மாவுல சுட்டியா, சீமெந்துல சுட்டியா?" என்றார், கடித்த பல்லுக்குள்ளிருந்து.

அவர் பேசிய கடைசிப் பகிடி அது. வெயில் ஏறுவதற்குள் கழுத்து விறைத்தது. பிறகு முதுகு வில்லாக வளைந்தது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பார்த்த மாத்திரத்திலேயே "ஆணி குத்துன ஏற்பு, டெட்டனஸ்" என்று சொல்லி, ஷீட் ஏற்ற நின்ற லொறியை மறித்து அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் அவரை ஒரு தனி அறையில் போட்டார்கள். ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டாலும், கதவு சத்தமாகச் சாத்தினாலும் உடம்பு முறுக்கிக்கொள்ளும் என்பதற்காக. தொண்டையில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு மெஷின் அவருக்காக மூச்சு விட்டது. முறுக்கு அடங்குவதற்கு ஊசி போட்டதும் கை, கால், கண் இமை எல்லாம் துணிபோலக் கிடந்தன. முகத்து இழுப்பு மட்டும் முழுதாக விடவில்லை.

மரியாயியை அறைக்குள் ஸ்டூலில் உட்கார விட்டார்கள். அதுவே பெரிய சலுகை. குசுமலதா என்ற தாதிதான் அந்த அறைக்குப் பொறுப்பு. எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். இளவயது, மெலிந்த உடம்பு, பூனை மாதிரி நடப்பாள். மரியாயி சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து, தான் கொண்டுவந்த பணிஸ் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கையில் வைத்துவிட்டுப் போனாள். தமிழ் அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஏதாவது என்றால் என்னைக் கூப்பிடு என்று கையால்தான் காட்டினாள்.

அடுத்த அறையில் மாணிக்கக் குழி சரிந்து நசுங்கிய ஒரு பையன் கிடந்தான். மர்சூக் என்று பெயர். அவனுடைய அக்கா பளீலா பகலில் சாப்பாட்டுக் கேரியரோடு வருவாள். இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. வராந்தாவில் டொக்டரை மறித்துத் தம்பியைப் பற்றிக் கேட்டவள், அப்படியே மரியாயிக்காகவும் கேட்டுச் சொன்னாள்.

"ஒங்கட ஆளுக்கு எல்லாம் வெளங்குதாம் புள்ள. காது கேக்குதாம். ஒடம்புதான் அசைய ஏலாமக் கெடக்கு. நித்திர மருந்தும் குடுக்கிறாங்களாம், ஆனா முழுசா நித்திர கொள்ள வைக்க ஏலாதாம். கிட்டக் குந்தி நல்லதாப் பேசுங்கோ."

சொல்லிவிட்டுப் பளீலா வீட்டுக்குப் போய்விட்டாள். அதைக் கேட்டது முதல் மரியாயிக்கு உட்கார முடியவில்லை.

ஏனென்றால் அவருடைய வலது கையை ஒரு பலகையில் நீட்டிவைத்துக் கட்டியிருந்தார்கள். சேலைன் ஏறும் கை அது. தோளிலிருந்து நேராகப் பக்கவாட்டில், சிலுவையில் நீட்டினாற்போல.

அந்தத் தோள் அப்படி நீளாது. பல வருஷங்களுக்கு முந்தி, ரப்பர் பால் வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்து, தோள் இறங்கி, நாட்டு வைத்தியர் ஒருவர் ஏற்றிவிட்ட தோள் அது. எலும்பு எப்படியோ கோணலாகச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாமல்தான் அவரை ஷீட் காயப்போடும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். தூங்கும்போது அந்தக் கையை மடித்து நெஞ்சின்மேல் வைத்துக்கொள்வார். தூக்கத்தில் தற்செயலாக விரிந்துவிட்டால் அலறிக்கொண்டு எழும்புவார். கோயிலில் சிலுவை அடையாளம் போடும்போது கை நெற்றிக்குப் போகாது. நெற்றியைத்தான் குனிந்து கைக்குக் கொண்டுவருவார். சாமியார்கூட ஒருமுறை, அமிர்தநாதனுக்கு இருக்கிற பணிவு யாருக்கும் இல்லை என்று பூசையில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இது ஒன்றும் மிஸ்ஸிக்குத் தெரியாது. படுக்கையில் கிடந்தவருக்குச் சொல்ல வாயில்லை. முகத்தைச் சுளிக்க முகமில்லை.

அவர் நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றியது. கடைக்கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. கழுத்து நரம்பு குதித்துக்கொண்டிருந்தது. மரியாயி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மிஸ்ஸி பொறுமையாக, தன் இமையை விரலால் மூடித் திறந்து காட்டினாள். கண் மூடாததால் வருகிற தண்ணீராம் அது, களிம்பு போட்டிருக்கிறதாம். வேர்வைக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் அவருடைய இழுபட்ட முகத்தைக் காட்டினாள்; அந்த நோயே காரணமாம். எதைக் காட்டினாலும் அதற்கு வேறொரு காரணம் இருந்தது.

கடைசியில் மரியாயி அந்தத் தோளில் கையை வைத்தாள்.

"வலி, மிஸ்ஸி. இந்தக் கை... வலி."

மிஸ்ஸியின் முகம் மாறியது. சட்டென்று கிட்ட வந்து குனிந்தாள். "வலிப்புவத?" என்றாள்.

மரியாயியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! வலி. பின்னால் ஒரு வால். புருஷன் சொல்லிக்கொடுத்த பாடம் ஒருவழியாகப் பலித்துவிட்டது. வலிப்பு நோயை இழுப்பு, ஏற்பு என்றுதான் அவர்கள் லயத்தில் சொல்லுவார்கள். அந்த நேரத்தில் வேறொரு அர்த்தம் அவள் புத்திக்கு எட்டவில்லை. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"ஓவ் மிஸ்ஸி, ஓவ்! வலிப்புவ! வலிப்புவ!"

மிஸ்ஸி நீட்டிக் கட்டிய கையின் விரல்களைப் பார்த்தாள். நுனிகள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. உடனே போய் ஊசியோடு வந்தாள். மருந்து ஏறியதும் நடுக்கம் நின்றது. மரியாயி இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். வலிக்கு மருந்து போட்டுவிட்டார்கள்.

"இனி வலிக்காதுங்க," என்றாள் அவர் காதோரம். "மிஸ்ஸிகிட்ட சொல்லிட்டேன். நல்ல சிங்களத்துல சொல்லிட்டேன். நீங்க கேட்டீங்கதானே?"

வேர்வை நிற்கவில்லை. வெகு நேரம் கழித்து விரல் நுனி மறுபடி நடுங்கியது. அவள் ஓடிப்போய் "வலிப்புவ" என்றாள். மறுபடி ஊசி. மறுபடி விரல் ஓய்ந்தது. அடுத்த நாளும் அப்படியே; அன்றைக்குப் பளீலாவையும் நெடுநேரம் காணவில்லை. ஒரு தடவை மிஸ்ஸி பணியாளனை அழைத்து, அந்தக் கைக்கு இன்னும் இரண்டு சுற்றுத் துணி போட்டுப் பலகையோடு இறுக்கச் சொன்னாள். இழுக்கிற கையில் ஊசி விலகிவிடக் கூடாது என்பது அவள் கவலை. மரியாயிக்கு அது ஒன்றும் புரியவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் ஏன் இறுக்குகிறார்கள்? பெரிய ஆஸ்பத்திரி முறையாக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு அவர் கழுத்து நரம்பைப் பார்த்தாள். அது எண்ண முடியாத வேகத்தில் அடித்தது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் துணியை அவிழ்க்கத் தொடங்கினாள். பாதி அவிழ்வதற்குள் கை சரிந்து, சேலைன் ஊசி பிய்ந்து, படுக்கையெல்லாம் ரத்தமாகிவிட்டது. பணியாளன் உள்ளே வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். மிஸ்ஸி ஓடி வந்தாள். அவள் வைததை மரியாயி அன்றைக்குத்தான் கேட்டாள். மறுபடியும் அதே கையில், அதே பலகையில், முன்னைவிட இறுக்கமாக. மரியாயியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கோபத்திலும் அவர்கள் அதைச் சத்தம் வராமல்தான் சாத்தினார்கள்.

வராந்தாவில் சுவரோடு சரிந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டால் உள்ளே அவருக்கு முறுக்கும்.

பளீலா கேரியரோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னத்துக்குப் புள்ள இப்படி அழுகிய? மௌத்தாப் போய்ட்டாரா?"

"இல்லக்கா. கைய நீட்டிக் கட்டி வச்சிருக்காங்க. அந்தத் தோளு அவருக்கு நீளாதுக்கா. உசுரு போற மாதிரி வலிக்கும். நான் சொல்லாமலா இருந்தேன்? வலிப்புவ, வலிப்புவன்னு மிஸ்ஸி காலுல விழாத கொறையாச் சொன்னேன். ஊசியும் போட்டாங்க. வலி மட்டும் நிக்கல்லியே."

பளீலா கேரியரை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"என்ன செல்லின? திரும்பிச் செல்லு."

"வலிப்புவ."

"யா அல்லாஹ்." பளீலா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "வலிப்புவ எண்டா நோவு இல்ல புள்ள. அது இழுப்பு. காக்காவலிப்பு. நோவுக்கு அவங்க ரிதெனவா எண்டுதான் செல்ற."

மரியாயி அவள் வாயையே பார்த்தாள். கடை முதலாளி தன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டியது கண்ணுக்குள் வந்து நின்றது.

"அப்ப அந்த ஊசி?"

"இழுப்ப அடக்கிய ஊசிதான். ஆளக் கட்டிப் போடுற ஊசி."

"வலிக்கு இல்லியா?"

பளீலா இல்லையென்று தலையை அசைத்தாள்.

அவருக்கு அசைக்க மிஞ்சியிருந்தது அந்த விரல் நுனி மட்டும்தான். அதை அவர் அசைத்த ஒவ்வொரு தடவையும் மரியாயி ஓடினாள், ஊசியோடு ஆளைக் கூட்டிவந்தாள், அந்த விரலையும் ஓயவைத்தாள். அவர் காது கேட்டுக்கொண்டிருந்தது. வலிக்காது, நல்ல சிங்களத்தில் சொல்லிவிட்டேன் என்று அவள் சொன்னதும் கேட்டிருக்கும். அவருக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். வலிப்புவ என்றால் என்னவென்று தெரியாதவரல்ல. தன் பொஞ்சாதி மறுபடியும் சட்டைப் பையைக் கேட்கிறாள் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். சொல்ல வழியில்லை.

மரியாயி எழும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். பணியாளன் மறித்த கைக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். கத்தக் கூடாது என்ற ஞாபகம் அப்போதும் இருந்தது. மிஸ்ஸியின் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சில் சொன்னாள்:

"வலிப்புவ நெமெய், மிஸ்ஸி. நெமெய். ரிதெனவா. ரிதெனவா."

இல்லை, அதில்லை என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். தன் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, மறு கையால் தோளைப் பிடித்து, அவர் தூக்கத்தில் அலறுகிற மாதிரி வாயைத் திறந்து காட்டினாள், சத்தம் இல்லாமல்.

கதவுக்கு வெளியே நின்றபடி பளீலா தாழ்ந்த குரலில் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்தது, தோள் இறங்கியது, சொல் மாறிப்போனது. கேட்டுக்கொண்டிருந்த மிஸ்ஸி கடைசியில் கையால் தன் வாயை மூடிக்கொண்டாள். பிறகு துணியை அவிழ்த்தாள். டொக்டரைக் கூப்பிட்டாள். சேலைனைக் காலுக்கு மாற்றினார்கள். மரியாயி காட்டிக் கொடுத்தபடி முழங்கையை மடித்து, கையை நெஞ்சின்மேல் வைத்து, அடியில் ஒரு தலையணைத் துண்டைக் கொடுத்தார்கள்.

மிஸ்ஸி அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் நின்றாள். பிறகு மரியாயியின் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். முதலில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டது. நெற்றி வேர்வை அடங்கியது. மிஸ்ஸி தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தாள்.

"நல்லம்தானே புள்ள?" என்றாள் பளீலா வெளியிலிருந்து. "நோவு கொறஞ்சிட்டுத்தானே?"

மரியாயிக்குத் தலையாட்ட முடியவில்லை. இப்போது குறைந்தது என்றால், இவ்வளவு நேரமும் இருந்தது என்றுதானே அர்த்தம்?

அடுத்த நாள் காலையில் மருந்தைச் சற்றுக் குறைத்துப் பார்ப்பதாக டொக்டர் பளீலா மூலம் சொல்லி வைத்தார். கொஞ்சம் அசைவு வந்தால் அவரிடமே கேட்கலாம். ரொம்ப நேரம் விட முடியாது என்றும் சொன்னார். காலையில் பளீலா இன்னும் வந்திருக்கவில்லை. மிஸ்ஸி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். மரியாயி இந்தப் பக்கம் மண்டியிட்டு, மடித்து வைத்த கைக்குள் தன் இரண்டு விரலைக் கொடுத்தாள்.

"என்னாங்க, நான்தான். வலிச்சா என் வெரல அமுக்குங்க. வலிக்கலன்னா சும்மா இருங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விரல் நுனி நடுங்கியது. பிறகு அவர் அமுக்கினார்.

மரியாயிக்குச் சந்தோஷம் பொங்கியது. அமுக்குகிறார்! பேசுகிறார்! ஆனால் அவர் விடவில்லை. பிடி இறுகியது. இன்னும் இறுகியது. அவள் எலும்பு நொறுங்குவதுபோல் இறுகியது. முகத்தின் அந்தச் சிரிப்பு அகன்றது. கழுத்து விறைக்கத் தொடங்கியது.

மிஸ்ஸி இரண்டு ஊசிகளை ஏற்கெனவே தட்டில் வைத்திருந்தாள். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"ரிதெனவத? வலிப்புவத?"

வலியா, வலிப்பா. இப்போது மரியாயிக்கு இரண்டு சொல்லும் தெரியும். எதற்கு வால், எதற்கு வால் இல்லை என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கை எதைச் சொல்கிறது என்று தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா, நோய் பிடித்து முறுக்குகிறதா? அவள் கண்ணைப் பார்த்தாள். இமை பாதி திறந்திருந்தது. தண்ணீர் வழிந்தது. அதற்கும் இரண்டு காரணம் இருந்தது.

மிஸ்ஸி காத்திருந்தாள்.

கடையில் இதுவா அதுவா என்று கேட்டால் சொல்லுகிற சொல் ஒன்று மரியாயிக்குத் தெரியும். அதைச் சொன்னாள்.

"தெகம, மிஸ்ஸி. தெகம." ரெண்டும்தான்.

மிஸ்ஸி வலிக்கான ஊசியை முதலில் எடுத்தாள். அதை ஏற்றிவிட்டு, முறுக்கு அனுமதித்த மட்டும், கொஞ்ச நேரம் பொறுத்தாள். அதன் பிறகுதான் மற்றதைப் போட்டாள். மரியாயியின் விரலைச் சுற்றியிருந்த பிடி மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது.

அன்று முதல் அந்த அறைக்குள் வரும்போதெல்லாம் மிஸ்ஸி முதலில் கட்டிலருகே குனிவாள். "வலிக்கித?" என்பாள். பளீலாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். பதில் வராது என்று தெரியும். கேட்டுவிட்டுக் கழுத்து நரம்பைப் பார்ப்பாள், நெற்றியைத் தொடுவாள், மடித்து வைத்த கை மடித்தபடியே இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு மரியாயியின் முகத்தைப் பார்ப்பாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அமிர்தநாதனின் இதயம் நின்றுவிட்டது. மெஷின் கொஞ்ச நேரம் வெறும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தோட்டத்து லொறியிலேயே கொண்டுவந்தார்கள். லயத்து வாசலில் பெட்டியை இறக்கியதும் பெண்கள் மரியாயியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லாச் சாவு வீட்டிலும் கேட்கிற கேள்வியை அடுத்த காம்பரா வீட்டுத் தெரேசம்மாவும் கேட்டாள்.

"அனுபவிச்சாராடி? இல்ல, நோவு நொம்பலம் இல்லாமப் போனாரா?"

மரியாயி பெட்டிக்குள் பார்த்தாள். யாரோ அவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் நேராக நீட்டி வைத்திருந்தார்கள். அவள் பெட்டியோரம் உட்கார்ந்து வலது கையைத் தூக்கினாள். விறைத்திருந்தது. ஜெபமாலை கோர்க்கத்தான் கையைச் சேர்க்கிறாள் என்று நினைத்துத் தெரேசம்மா உதவிக்கு வந்து, முழங்கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கப் போனாள்.

"மெதுவாக்கா," என்றாள் மரியாயி. "மெதுவா. அவருக்கு அந்தத் தோளு வலிக்கும்."